நிறை குறைந்த நாணயம்: குறை எங்கே நேர்ந்தது?

அளவீடு பாடத்தில் நாணயத்தின் நிறையையும் விட்டத்தையும் மாணவர்கள் காண்கிறார்கள். அளவைக் குறித்ததும் செயல்பாடு முடிந்துவிடுகிறது. "இந்த நாணயம் ஏன் நிறை குறைந்துள்ளது?" என்று மேலும் ஒரு கேள்வி கேட்டால், சான்றைக் கொண்டு முடிவுக்கு வரும் பயிற்சியாக அது வளரும். சாதாரண நாணயத்தை அரிய பிழை நாணயம் என்று சொல்லி ஏமாற்றுவோரும் உள்ளனர். பழைய நாணயம் வாங்குவதாகத் தன் பெயரில் நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கியே 2021 இல் எச்சரித்தது. எனவே இப்பயிற்சி வாழ்க்கைக்கும் உதவும்.

முதலில் சரியான அளவு

1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் நாணயத்தின் நிறை 4.85 கிராம், விட்டம் 25 மி.மீ. 2011 இல் அறிமுகமான ரூபாய்க் குறியீடுள்ள ஒரு ரூபாயின் நிறை 3.79 கிராம், விட்டம் ஏறக்குறைய 22 மி.மீ. இரண்டையும் ஒப்பிடும் மாணவர் புதியதைப் பிழை நாணயம் என எண்ணக்கூடும். அது பிழையன்று, வேறு வகை. ஆகவே ஆண்டையும் வடிவமைப்பையும் பார்த்து, அதே வகை நாணயத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். தராசின் சுழிப்பிழையையும் முன்னதாகவே சரிபார்க்க வேண்டும்.

அடுத்து உருவாகும் முறை

நாணயச் சாலையில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. வில்லையின் ஓரம் அழுத்தப்பட்டு விளிம்பு உயர்த்தப்படுகிறது. பின்னர் இரு அச்சுகளுக்கு இடையே வில்லை அழுத்தப்பட்டு உருவம் பதிகிறது. உலோகம் குறைந்தது அச்சுப் பதியும் முன்பா, பின்பா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சான்றுகள் சொல்வது

1. மெல்லிய தகடு: விட்டம் சரியாக இருக்கும், தடிமன் குறையும். இரு பக்கமும் உருவத்தின் மேடான பகுதிகள் மங்கலாகப் பதிந்திருக்கும். இது சாலையில் நேர்ந்த பிழை.

2. பிறை வடிவ வெட்டு: ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் வெட்டுக்கருவி மீண்டும் விழுந்தால் வில்லையில் பிறை போன்ற குறை ஏற்படும். குறையுள்ள இடம் விளிம்பு உயர்த்தும் கருவியைக் கடக்கும்போது நேர் எதிர்ப்புறத்திலும் போதிய அழுத்தம் கிடைக்காது. எனவே எதிர் விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். எதிர் விளிம்பு முழுமையாக இருந்து, வெட்டிய இடத்தில் அரத்தின் கோடுகளும் தெரிந்தால், அது பின்னர் வெட்டப்பட்டது என ஐயுறலாம்.

3. வேறு நாணயத்தின் வில்லை: நிறையோடு விட்டமோ உலோகமோ மாறியிருக்கும். பழைய இரண்டு ரூபாய் செம்பு-நிக்கல் நாணயம் காந்தத்தில் ஒட்டாது. எஃகு நாணயம் ஒட்டும். இச்சோதனை இங்கே உதவும்.

4. அமில அரிப்பு, தேய்மானம்: அரித்த நாணயத்தில் விட்டம், தடிமன், எழுத்து எல்லாம் சேர்ந்தே குறையும், மேற்பரப்பு சொரசொரப்பாகும். தேய்ந்த நாணயத்தில் மேடுகள் முதலில் வழவழப்பாகும். இரண்டும் அச்சுப் பிழையல்ல.

வகுப்பறையில்

நாணயத்தை வெட்டியோ அரத்தால் தேய்த்தோ காட்ட வேண்டாம். 2011 ஆம் ஆண்டு நாணயச் சட்டம் நாணயத்தைச் சிதைப்பதைத் தடை செய்கிறது. தேய்த்த சப்பாத்தி மாவு போதும். பாட்டில் மூடியால் வட்டங்கள் வெட்டி, ஒரு துளையின் மேல் மூடியைச் சற்றே ஏறவைத்து மீண்டும் வெட்டினால் பிறை வடிவம் கிடைக்கும்.

பின்பு குழுவுக்குப் பத்து நாணயங்கள், மின்னணுத் தராசு, வெர்னியர் அளவி, காந்தம், கைலென்சு கொடுங்கள். ஆண்டு, நிறை, விட்டம், தடிமன், விளிம்பின் நிலை, முடிவு என ஆறு பத்திகளில் அட்டவணை எழுதச் செய்யுங்கள். பெரும்பாலான குழுக்களுக்குப் பிழை நாணயம் எதுவும் கிடைக்காது. அதுவும் சரியான முடிவே. நிறையை மட்டும் காட்டிப் "பிழை நாணயம்" என்று எழுதியவரைவிட, "சான்று போதாது, முடிவு செய்ய இயலாது" என்று காரணத்தோடு எழுதிய மாணவருக்கே முழு மதிப்பெண் தாருங்கள்.