வெண்பனியில் ஓர் ஆறு

இயற்கை பருவந்தோறும் தன் கோலத்தை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. வேனிலிற் பச்சைப் போர்வை போர்த்து நின்ற ஆற்றங்கரை, குளிர்நாடுகளிற் பனிப்பருவம் வந்ததும் வெண்பட்டு உடுத்து நிற்கும். பனி என்றதும் நம் நினைவிற்கு வருவது மார்கழித் திங்களிற் புல்நுனியில் திரளும் நீர்த்துளியே. ஈண்டுக் கூறப்படும் வெண்பனி அதனின் வேறானது. வானத்து நீராவி உறைந்து, அறுகோண வடிவமைந்த நுண்ணிய பளிங்குகளாகிப் பஞ்சுபோல் மெல்ல இறங்குவது அது. மரக்கிளைகளும் பாறைகளும் கரைகளும் அதனால் மூடுண்டு வெளுத்துக் கிடக்க, நடுவே ஆறு மட்டும் கருநிற நாடாவென வளைந்து செல்லும்.

இவ்வழகிய காட்சியை நிழற்படமாக எடுப்பது எளிது என்று பலர் எண்ணுவர். கருவியை நீட்டி விசையை அழுத்தினால் உள்ளது உள்ளபடியே பதியும் அன்றோ என்பர். அங்ஙனம் எடுத்த படத்தைப் பின்னர் நோக்கினால் வியப்பே மிஞ்சும். தூய வெண்பனி அழுக்கேறிய துணிபோலச் சாம்பல் நிறமாய்க் கிடக்கும். கண்டது வெண்மை, பதிந்தது சாம்பல். இம்மாறுபாட்டிற்குக் காரணம் யாது?

நிழற்படக் கருவியோடு ஒளிமானி என்னும் உறுப்பு ஒன்று துணைநிற்கிறது. காட்சியினின்று வரும் ஒளியை அளந்து, எவ்வளவு ஒளியைக் கருவியினுள் விடவேண்டும் என்பதை அது கூறும். ஆனால், தான் நோக்குவது கல்லா, மரமா, பனியா என்பதை அது அறியாது. எல்லாப் பொருள்களும் நடுத்தரச் சாம்பல் நிறத்தன என்றும், தம்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கையே திருப்பி அனுப்புவன என்றும் கொண்டு அது கணக்கிடும். புதிதாகப் பெய்த வெண்பனியோ நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பவல்லது. இத்துணை ஒளியைக் கண்ட ஒளிமானி, அளவைக் குறைக்கும்படி கூறிவிடுகிறது. அதனால் வெண்மை மங்கிச் சாம்பலாகிறது. கண்ணாற் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி கருவிக்கும் பொருந்தும். நுட்பம் அறிந்தவர், ஒளிமானி கூறும் அளவைப்போல் ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுவர். அப்பொழுதே பனி பனியாகத் தோன்றும். இக்காலத்து மின்னணுக் கருவிகள் இக்குறையை ஓரளவு தாமே திருத்திக்கொள்ளும். எனினும், அவையும் முற்றும் பிழையாதன அல்ல.

பனியோடு ஆறும் சேர்ந்தால் இடர் இரட்டிப்பாகும். கருநீரை அளவாகக் கொண்டு ஒளியை மிகுதியாக விட்டால், கரையிலுள்ள பனி மேடுபள்ளமின்றி வெற்றுத் தாள்போல் வெளுத்துப்போகும். பனியையே அளவாகக் கொண்டு ஒளியைக் குறைத்தாலோ, நீரும் பாறையும் மைக்கறையாய்விடும். நம் கண் இருளுக்கும் ஒளிக்கும் ஏற்பத் தன்னைத்தானே மாற்றிக்கொண்டு இரண்டையும் காணும். கருவிக்கு அவ்வாற்றல் குறைவு. ஆதலின், எதனைக் காக்கவேண்டும், எதனை விடவேண்டும் என்று முடிவுசெய்யும் பொறுப்பு படம் எடுப்பவரையே சாரும்.

இந்நுட்பங்களில் தலைசிறந்து விளங்கியவர் அமெரிக்க நாட்டினரான ஆன்சல் ஆடம்ஸ் என்பவர். அவர் 1902ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தார். இளமையிற் பியானோ இசையை முறையாகப் பயின்றார். கலிபோர்னியா மாநிலத்துச் சியரா நெவாடா மலைத்தொடரில் யோசெமிட்டி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் நடுவே மெர்செட் என்னும் ஆறு ஓடுகிறது. அங்கே பாதி அரிந்த குவிமாடம்போல் ஓங்கி நிற்கும் குன்றம் ஒன்று உண்டு. அதனை ‘ஹாஃப் டோம்’ என்பர். 1916ஆம் ஆண்டு, தம் பதினான்காம் வயதில், பெற்றோர் தந்த சிறிய பெட்டிக் கருவியுடன் ஆடம்ஸ் அங்கே முதன்முதலாகச் சென்றார். 1984இல் மறையும்வரை அவ்விடத்தின்மீது அவர் கொண்ட காதல் குறையவே இல்லை.

1927ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள், கனத்த கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து பனி படர்ந்த வழியே அவர் அக்குன்றத்தை நோக்கி ஏறினார். எஞ்சியவை இரண்டே தகடுகள். ஒன்றை மஞ்சள் வடிகண்ணாடி இட்டுப் பதித்தார். பதித்தபின், தம் உள்ளம் உணர்ந்த பெருமிதம் அப்படத்தில் தோன்றாது என்பதை உணர்ந்தார். உடனே செந்நிற வடிகண்ணாடியை இட்டுக் கடைசித் தகட்டையும் பதித்தார். வானம் கருமை பூண, குன்றம் தனித்து ஓங்கி நின்றது. விசையை அழுத்துமுன்னரே முடிந்த படத்தை மனக்கண்ணாற் காணவேண்டும் என்பதே அன்று அவர் பெற்ற தெளிவு.

பின்னர் 1940ஆம் ஆண்டளவில், பிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து, அவர் ஒரு முறையை வகுத்தார். முழுக்கருமை முதல் முழுவெண்மை ஈறாக நிறச்சாயல்களை 11 படிகளாகப் பிரித்து, காட்சியின் ஒவ்வொரு பகுதியும் எப்படியில் அமையவேண்டும் என்று முன்னரே துணிவது அம்முறை. இசைவல்லார் சுரங்களைப் படிநிலையில் வைத்தெண்ணுவது போன்றதே இதுவும். 1938ஆம் ஆண்டளவில் அவர் எடுத்த மெர்செட் ஆற்றின் குளிர்காலப் படத்தை நோக்குவார், பனியின் வெண்மையும் நீரின் கருமையும் ஒன்றையொன்று விழுங்காமல் இயைந்து நிற்றலைக் காண்பர்.

ஒளியின் பொழுதும் அறியத்தக்கது. நண்பகலில் தலைக்குமேல் நிற்கும் ஞாயிறு பனியைத் தட்டையாகக் காட்டும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வீழும் கதிரே அதன் மடிப்புகளையும் மணிகளையும் புலப்படுத்தும். குளிரில் மின்கலம் விரைவில் வலுவிழக்கும். ஆதலின், மாற்றுக் கலத்தைச் சட்டைப் பையில் வெதுவெதுப்பாக வைத்திருத்தல் வேண்டும். வெளியினின்று வெப்பமான வீட்டிற்குள் வருமுன், கருவியை ஒரு பையிலிட்டு மூடுதல் நன்று. இன்றேல் அதன்மீது நீர் படியும். யாவற்றினும் முதன்மையானது உயிர்க்காப்பு. ஆற்றோரத்திற் பனிமூடிய இடம் தரைபோலத் தோன்றினும், கீழே மெல்லிய உறைநீரே இருத்தல் கூடும். நல்ல படத்திற்காக அதில் அடிவைப்பது அறிவுடைமை ஆகாது.

இத்துணை உழைப்பும் வெறும் அழகுக்காகவா என்று வினவலாம். அன்று. 1861ஆம் ஆண்டு கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர் யோசெமிட்டியை எடுத்த பெரும்படங்கள் அமெரிக்க ஆட்சியாளரின் உள்ளத்தைக் கவர்ந்தன. 1864இல் ஆபிரகாம் லிங்கன் அப்பள்ளத்தாக்கை மக்களுக்கென்று காக்கும் சட்டத்தில் ஒப்பமிடுவதற்கு அவையும் துணைபுரிந்தன. கிங்ஸ் ஆறு பாயும் மலைநாட்டைக் காட்டிய ஆடம்சின் 1938ஆம் ஆண்டுப் படநூல், அமைச்சர் இக்கீஸ் வழியாகக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் கையை எட்டியது. 1940இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று.

காக்கப்படாத பள்ளத்தாக்கும் உண்டு. யோசெமிட்டிப் பூங்காவிலேயே, தூவாலமி ஆறு ஓடும் ஹெட்ச் ஹெட்சி என்னும் பள்ளத்தாக்கு, 1923இல் அணை கட்டி முடிக்கப்பட்டபின் நீருள் மறைந்தது. நகர மாந்தர் குடிநீர் பெற்றனர் என்பது உண்மையே. ஆயினும், அப்பள்ளத்தாக்கின் பழைய தரையையும் புல்வெளியையும் காண விழைவார்க்கு இன்று பழம்படங்களே சான்றாக நிற்கின்றன.

ஆகவே மாணவர்களே! நிழற்படம் என்பது விளையாட்டுப்பொருள் மட்டும் அன்று; அது ஒரு சாட்சி. சாட்சி பொய் கூறலாகாது. வெண்மையைச் சாம்பலெனக் கூறும் கருவிமீது குற்றமில்லை, அதற்கு அறிவில்லை. அதனைத் திருத்தி மெய்யைக் கூறச்செய்வது மாந்தரின் கடமை. உங்கள் கையில் எக்கருவி வரினும், அது கூறுவதை அப்படியே ஏலாது, ஆராய்ந்து தெளிந்து பயன்கொள்ளுங்கள்.