லீவில் வயலுக்குப் போகலாமா?

பெட்டாலிங் ஜெயாவில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு இது தெரியாது: நாம் குடியிருக்கும் மண் ஒரு கித்தாத் தோட்டம். கோலாலம்பூரில் ஜனநெரிசல் தாங்காமல் 1950களின் தொடக்கத்தில் ஒரு புதிய நகரம் அமைக்கத் தீர்மானித்தபோது எடுத்துக்கொண்ட இடம் எஃபிங்ஹாம் எஸ்டேட். ஏறக்குறைய 1,200 ஏக்கர். பக்கத்துச் சுபாங் ஜெயா எழுந்ததும் சீஃபீல்டு தோட்டத்து நிலத்தில்தான். மால், கொண்டோ, எல்ஆர்டி எல்லாம் பிறகு வந்தவை.

இப்படிப்பட்ட தோட்டங்களில் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதனால்தான் ஒரு காலேஜ் பிள்ளை வீட்டில் வந்து, "செமஸ்டர் லீவுல விவசாய இண்டர்ன்ஷிப் போறேன்" என்று சொன்னால் சாப்பாட்டு மேசை கொஞ்ச நேரம் அமைதியாகி விடுகிறது. "லயத்த விட்டு வெளிய வர மூணு தலைமுறை ஆச்சு. திரும்பவும் மம்பட்டியா?" இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்பலாம். அது பதிலாகாது. இம்மாதப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் ஒரு சிறு விளக்கம். கோடைகாலப் பயிற்சி என்று வெளிநாடுகளில் சொல்வார்கள். நமக்குக் கோடை ஏது? வெயிலும் மழையும்தான். இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, படிப்பின் பகுதியாகக் கட்டாயம் செய்ய வேண்டிய 'பிராக்டிக்கல்'. அதற்கு லோக்புக், மேற்பார்வையாளர், மதிப்பெண் எல்லாம் உண்டு. மற்றது, நீண்ட விடுமுறையில் நாமாகத் தேடிப் போவது. விவசாயப் படிப்பு என்றால் நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. செர்டாங்கில் 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1947இல் கல்லூரியாகி, 1971இல் பெர்த்தானியான் பல்கலைக்கழகம் ஆனதுதான் இன்றைய புத்ரா பல்கலைக்கழகம். 1997இல் பெயரிலிருந்து விவசாயம் போய்விட்டது. வளாகத்தில் இன்னும் இருக்கிறது, அது போதும்.

சரி, பெற்றோரின் கேள்விக்கு வருவோம். அதில் நியாயம் இருக்கிறது. தோட்டத்தில் நம் முன்னோருக்குக் கசந்தது மண் அல்ல. அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் அறிவு என்று மதிக்கவில்லை என்பதே கசப்பு. பால் வெட்டுவதையே பாருங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. உளி அதைத் தொடாமல், ஆனால் அதற்கு ஒரு மில்லிமீட்டர் அருகில் வரை போக வேண்டும். ஆழம் குறைந்தால் பால் இறங்காது. கூடினால் மரம் புண்ணாகி, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே உளி ஓடாது. இதை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு காலைக்குள் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தார்கள். ஏன் இருட்டில்? வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கும் முன், மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். இன்று இதைத் தாவர உடலியல் வகுப்பில் படம் போட்டு விளக்குகிறார்கள். பாட்டிக்கு அது கைப்பழக்கம். ஆனால் சம்பளப் புத்தகத்தில் அவர் தேர்ச்சி இல்லாத கூலி.

கைக்குத் தெரிந்ததும் புத்தகத்துக்குத் தெரிந்ததும் சந்திக்கும் இடம் வயல். பயிற்சிக்குப் போவது அந்தச் சந்திப்புக்காகத்தான். போட்டோவுக்காகப் போகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருக்கலாம்.

அந்தச் சந்திப்பு நடக்காவிட்டால் எவ்வளவு இழப்பு என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் செம்பனை. முதல் வணிகத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமாரத்தில் போடப்பட்டது. மரம் வந்தது, அதன் பூக்களோடு வாழும் பூச்சி வரவில்லை. காய்ப்பு போதவில்லை. மகரந்தம் காற்றில் பரவுகிறது என்று புத்தகங்கள் சொன்னதால் யாரும் பூச்சியைத் தேடவும் இல்லை. அதற்குப் பதிலாக ஆட்களை வைத்தார்கள். மகரந்தத்தைப் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய், பெண்பூக்களில் ஊத வேண்டும். ஆண்டுக்கணக்கில் இது ஒரு தோட்ட வேலையாகவே இருந்தது.

கேமரூனில் வேலை செய்துவிட்டு மலேசியா வந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகிக்கு ஒரு சந்தேகம். அங்கே பூக்களில் மொய்த்த சின்ன வண்டுகளை இங்கே காணோமே? 1970களின் பிற்பகுதியில் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். மகரந்தத்தைச் சுமப்பது அந்த வண்டுதான் என்று உறுதியானது. வேறு பயிருக்குத் தீங்கு செய்யுமா என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூரில் அதைத் திறந்துவிட்டார்கள். குறுகிய காலத்தில் தீபகற்பம் முழுக்கப் பரவியது. காய்ப்பு கூடியது. கையால் ஊதும் வேலை மறைந்தது. சிலருக்கு அதோடு வேலை நாளும் குறைந்திருக்கும். வெற்றிக் கதை சொல்லும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது. நான் இதை இங்கே சொல்வதற்குக் காரணம் வேறு. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு தொழிலே பார்க்காததை, வயலில் நின்று பூவை உற்றுப் பார்த்த கண் பார்த்தது.

பார்க்கக் கற்றுக்கொடுப்பதையே ஒரு பாடத்திட்டமாக்கியவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் அதைச் சேர்ந்த கல்லூரிகளிலும் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் மாணவர்கள் கிராமத்துக்குப் போகிறார்கள். 'கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம்' என்று பெயர். இந்திய அளவில் 1992இல் ரந்தாவா குழு பரிந்துரைத்தது. குழுக் குழுவாகப் பிரிந்து, ஒரு வட்டாரத்தில் தங்கி, விவசாயிகளோடு வயலில் இறங்க வேண்டும்.

அவர்கள் செய்யும் முதல் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஊர்ப் பொதுவிடத்தில் மக்களைக் கூட்டி, தரையில் கோலப்பொடியால் ஊரின் வரைபடம் போடுவார்கள். ஏரி எங்கே, கால்வாய் எங்கே, எந்தக் கிணறு வற்றிவிட்டது, எந்த நிலம் தரிசு என்று சொல்வது ஊர்க்காரர்கள். பொடி தூவுவது மாணவர்கள். அதாவது படித்த பிள்ளை வந்து பாடம் நடத்துவதற்கு முன், கீழே குந்திக் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் செயல்விளக்கம். உதாரணத்துக்கு விதைநெல் தேர்வு. தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, நல்ல முட்டை ஒன்று மிதக்கும் பதம் வந்ததும் விதையைக் கொட்டுவார்கள். மிதப்பது பதர், அள்ளி எறியலாம். அமிழ்ந்ததை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்கலாம். இயந்திரம் எதுவும் வேண்டாம், ஒரு முட்டை போதும்.

பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறும் குழுக்களும் அங்கே இருக்கத்தான் செய்யும். எந்தத் திட்டத்தையும் அப்படிக் கெடுக்கலாம். ஆனாலும் அமைப்பு சரியானது: முதலில் கேள், பிறகு பேசு. நம் லோக்புக்கில் இப்படி ஒரு பக்கத்தை யாரும் கேட்பதில்லை. நாமே சேர்த்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் நம் தோட்டங்களில் யாரிடம் கேட்பது என்பதே மாறிவிட்டது. அன்று பெரட்டில் உங்கள் தாத்தா நின்ற இடத்தில் இன்று லொம்போக்கிலிருந்து வந்தவரும் வங்காளதேசத்திலிருந்து வந்தவரும் நிற்கிறார்கள். நீங்கள் நிற்கப்போவது கிராணியின் பக்கம், கையில் டேப்லெட்டோடு. அவர்களை எப்படிக் கூப்பிடுவீர்கள்? "ஹோய்" என்றா, "அபாங்" என்றா? பழம் பழுத்ததை அவர் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார் என்று கேட்பீர்களா, அல்லது குலைகளை எண்ணிவிட்டு நிழலுக்குப் போய்விடுவீர்களா? நம் வீட்டு மூத்தவர்களிடம் கிராணிமார் பேசிய விதத்தைப் பற்றிக் கதை கதையாகக் கேட்டிருக்கிறோம். இப்போது நம் முறை.

மருந்து அடிக்கும் விஷயத்தில் இது மரியாதையோடு நிற்காது, உயிர் சம்பந்தப்பட்டது. மருந்தடிக்கும் தோட்டப் பெண்களைச் சந்தித்து, அவர்கள் உடல்நிலையைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு அதே ஆண்டு நம் நாட்டில் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதிதான் வந்தது. இடையில் போன ஆண்டுகளை நீங்களே கணக்குப் போடுங்கள். ஆகவே பயிற்சிக்குப் போகும் பிள்ளை முதலில் படிக்க வேண்டிய புத்தகம் மருந்து டப்பாவின் லேபிள். அடியிலுள்ள வண்ணப்பட்டை கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்ற வரிசையில் நச்சு குறையும். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பதும் அதிலேயே இருக்கும். கையுறை, முகமூடி இல்லாமல் கலக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். பயிற்சி மாணவருக்கு அந்த வார்த்தை சொல்ல முடிகிறது. பக்கத்தில் நிற்கும் தொழிலாளியால் பல நேரம் முடியாது; அவர் சார்பாகவும் கேளுங்கள்.

"நான் அக்கவுண்டிங், எனக்கென்ன வயல்ல வேலை?" என்று கேட்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. 2023 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏறியது. 10 கிலோ 26 ரிங்கிட் என்று விலை கட்டிய உள்ளூர் அரிசி கடைகளில் தட்டுப்பாடாகிப் போனது. இது ஏன் நடந்தது என்று புரிய, பிஜேயிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உள்ள செக்கிஞ்சானுக்குப் போங்கள். ஆண்டுக்கு இரண்டு போகம். நெல்லை ஆலைக்குக் கொண்டுபோனால் ஈரத்துக்கும் பதருக்கும் எடையில் 'பொத்தோங்கான்' கழிப்பார்கள். அறுவடை இயந்திரத்தின் வாடகை, உரம், மருந்து, கழிவு எல்லாம் போக விவசாயி கையில் நிற்பது எவ்வளவு? ஒரு பருவத்தின் ரசீதுகளை அவரோடு உட்கார்ந்து கூட்டிப் பார்க்கும் கணக்கு மாணவர், பொங்கல் மேடையில் திருக்குறளின் உழவு அதிகாரத்தை ஒப்பிப்பவரைவிட உழவை நன்றாகப் புரிந்துகொள்வார். (ஒப்பிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை.)

இடம் தேடும்போது சில விஷயங்களைக் கறாராகக் கேட்டுவிட வேண்டும். என்ன கற்றுக்கொடுப்பீர்கள், யார் மேற்பார்வை, தங்க எங்கே, அலவன்ஸ் உண்டா, காப்புறுதி யார் பொறுப்பு? "வாங்க, வந்து பாத்துக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால் அங்கே தேவைப்படுவது சம்பளமில்லாத ஆள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகள் தங்குமிடத்தை ஒருமுறை பெற்றோரோடு நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பயணமே அப்பா அம்மாவின் பாதிக் கவலையைத் தீர்த்துவிடும்.

வீட்டில் தோட்டத்து மனுஷர் யாராவது உயிரோடு இருந்தால், கிளம்புவதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்காருங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், உளியை எப்படித் தீட்டினீர்கள், மழை பெய்தால் அன்றைக்குச் சம்பளம் என்ன ஆகும் என்று கேளுங்கள். முதல் அரை மணி நேரம், "அத ஏன் இப்ப கேக்குற" என்பார். பொறுமையாக இருங்கள். லோக்புக்கின் முதல் பக்கத்தில் அவர் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், தொப்பி, மழையில் எழுத்து கரையாதபடி ஒரு பென்சில். பேனா வேண்டாம்.