ஈயத்தில் நிறம் நிற்க

கேள்வி: ஈயம் வார்த்து நானே ஜிக் தூண்டில் செய்கிறேன். பூசிய எனாமல் பாறையில் தட்டியதும் உரிந்துவிடுகிறதே?

பதில்: பவுடர் பெயின்டுக்கு மாறுங்கள். கைப்பிசுக்கு இருந்தால் எதுவும் ஒட்டாது. தின்னரால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். குறடால் பிடித்து, ஹீட் கன்னில் சில நொடி சூடாக்கி, பவுடரில் சட்டென முக்கி எடுங்கள். உடனே உருகி வழிந்தால் சூடு அதிகம். நரம்பு கோக்கும் துளையை அப்போதே ஊசியால் திறந்துவிடுங்கள்; இறுகினால் பெரும்பாடு.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உறுதி வருவதே அடுத்த கட்டத்தில்தான்: சுமார் 175 டிகிரி செல்சியஸில் 15–20 நிமிடம் சுட வேண்டும். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும், பயமில்லை. ஆனால் சமையல் அவனில் கூடவே கூடாது, ஈயம் நஞ்சு! பழைய டோஸ்டர் அவன் ஒன்றை இதற்கென்றே வீட்டுக்கு வெளியே வையுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.