மது அருந்தாதோர்க்கும் ஈரல் நோயா?

கல்லீரல் கெட்டுப்போவது குடிகாரர்களுக்கே உரிய கேடு என்பது நம்மவரிற் பலருடைய எண்ணம். மதுவைக் கையாலும் தொட்டறியாத ஒருவரிடம், "உங்கள் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது" என்று டாக்டர் கூறினால் அவர் திடுக்கிடுகிறார். பிறர் தவறாக நினைப்பார்களே என்று அதை மறைத்து விடுவோரும் உண்டு. வெட்கம் வேண்டியதில்லை, அலட்சியந்தான் ஆபத்தானது. ஆகவே, சகோதர சகோதரிகள் இதன் விவரத்தை அறிந்துகொள்வது அவசியமாகும்.

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் குளுக்கோஸாக மாறி இரத்தத்திற் கலக்கின்றன. அது தசைகளுக்குள் புகுவதற்கு வழிவிடுவது கணையத்தில் ஊறும் இன்சுலின். தேவைக்கு மிஞ்சி உண்டு, உடலை அசைக்காமல் இருந்து வந்தால், நாளடைவில் திசுக்கள் இன்சுலினுக்குப் பணிவதில்லை. அப்பொழுது இரண்டு கேடுகள் நேரும். தொந்தி முதலிய இடங்களிற் சேர்ந்த கொழுப்பு கரைந்து, இரத்தத்தின் வழியே ஈரலை வந்தடையும். மிஞ்சிய சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக மாற்றிவிடும். 2005-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நோயாளிகளின் ஈரலிலிருந்த கொழுப்பில் ஏறக்குறைய 59 சதவீதம் முதல் வழியிலும், 26 சதவீதம் இரண்டாவது வழியிலும் வந்ததாகக் கண்டனர். உணவிலுள்ள கொழுப்பிலிருந்து நேரே வந்தது 15 சதவீதமே.

எனவே, இது ஈரலின் தனி நோயன்று. உடல் உணவைக் கையாளும் முறையே கெட்டிருப்பதன் அடையாளம். இதனாலேயே 2023-ல் பன்னாட்டு மருத்துவ சங்கங்கள், "மது சாராத கொழுப்பு ஈரல்" என்ற பழைய பெயரை நீக்கி, "வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்பு ஈரல் நோய்" எனப் பெயரிட்டன. ஈரலிற் கொழுப்பும், பின்வருவனவற்றுள் ஒன்றேனும் இருந்து, வேறு காரணம் இல்லையெனில் இந்நோய் எனக் கொள்வர்:

1. ஆசியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடுப்புச் சுற்றளவு, அல்லது உயரத்துக்கு மிஞ்சிய எடை.
2. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 5.6 மில்லிமோல் அல்லது அதற்கு மேல்.
3. இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல்.
4. டிரைகிளிசரைடு 1.7 மில்லிமோல் அல்லது அதற்கு மேல்.
5. நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 1.0, பெண்களுக்கு 1.3 மில்லிமோல் அல்லது அதற்குக் கீழ்.

மருந்துண்டு இனிப்புநீரையும் இரத்தக் கொதிப்பையும் அடக்கி வைத்திருப்போரும் இதில் அடங்குவர்.

தொடக்கத்தில் இந்நோய்க்கு வலியில்லை. இரத்தப் பரிசோதனையிலும் ஈரல் சரியாக இருப்பதுபோல் தோன்றலாம். பலருக்கு அந்நிலையிலேயே நின்றுவிடும். சிலருக்கோ ஈரல் அழற்சி கண்டு, தழும்பேறி, சுருங்கி, புற்றுநோயிலும் முடியும். ஆயினும் இந்நோயாளரிடையே மரணத்துக்கு முதற்காரணம் இருதய நோயே.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தால் ஈரற் கொழுப்பு குறையத் தொடங்கும். 8 கிலோ குறைத்தால் பலருக்குத் தழும்பும் தணியும். எடை குறையாவிடினும் தேகப்பயிற்சி ஈரலுக்கு நன்மை செய்யும். 2024 மார்ச்சில் அமெரிக்கா இந்நோய்க்கு ரெஸ்மெட்டிரோம் என்னும் முதல் மருந்தை அனுமதித்தது. அதுவும் உணவுக் கட்டுப்பாட்டுடனும் பயிற்சியுடனும் சேர்த்தே. ஈரலைச் சுத்தஞ் செய்யும் என்று விற்கப்படும் மூலிகை மருந்துகளை நம்பி ஏமாற வேண்டாம். அவற்றுட் சில ஈரலையே தாக்கக்கூடும்.

நம்மவர் முதலிற் கவனிக்க வேண்டியது கோப்பையைத்தான். டின் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக், விருந்துதோறும் ரோஸ் சிராப், ஒவ்வொரு வேளையும் சர்க்கரை. மலேசியா 2019-ல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. சிங்கப்பூர் 2022 இறுதியில் அவற்றுக்குத் தர அடையாளமிடச் சட்டம் செய்தது. அரசாங்கம் அவ்வளவே செய்ய இயலும். கடையில் "தே ஓ கோசோங்" என்று கேட்பது நம் பொறுப்பு.

இனிப்புநீர் உள்ளவர்களும் இடுப்பளவு மிஞ்சியவர்களும் அடுத்த முறை டாக்டரிடம் செல்லும்பொழுது, "என் ஈரல் எப்படி?" என்று தவறாமற் கேளுங்கள். மதுவை விலக்கி ஈரலைக் காத்தோம் என்றிருப்பது போதாது. மிஞ்சிய சர்க்கரையிலிருந்தும் அதைக் காப்பது நம் கடமையாகும்.