சிலபஸ் மாறினால் இன்ஜினியர் உருவாகிவிடுவாரா?

உடன்குடி என்றால் கருப்பட்டி. இப்போது அதோடு இன்னும் இரண்டு சேர்ந்திருக்கின்றன: கல்லாமொழிக் கடற்கரையில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டைக் கொண்ட அனல்மின் நிலையம், பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டது. ‘இன்ஜினியரிங்கா, வேண்டவே வேண்டாம்’ என்று சொல்லிவந்த வீடுகளில் இன்ஜினியரிங் பேச்சு மறுபடி எழுகிறது. கூடவே பழைய நம்பிக்கைகளும் எழுகின்றன. அவற்றில் சில தவறானவை. பிள்ளைகளின் நான்கு வருடத்தை வீணாக்கக்கூடியவை.

நம்பிக்கை: “சிலபஸ் பழசு. அதை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்.”

அண்ணா பல்கலைக்கழகம் 2008, 2013, 2017, 2021 என்று நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை தன் ஒழுங்குமுறையை மாற்றிக்கொண்டுதான் வருகிறது. ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் நான்கு வருடத்துக்கான கிரெடிட்டை 160 என்று குறைத்தது. சிலபஸ் தேங்கி நின்றுவிட்டது என்பது சரியல்ல.

தேங்கி நிற்பது கேள்வித்தாள். மாணவர் படிப்பது சிலபஸை அல்ல, கேள்வித்தாளைத்தான். 2013 ஒழுங்குமுறை வரை பத்து ‘டூ மார்க்’, ஐந்து ‘சிக்ஸ்டீன் மார்க்’. 2017-ல் அந்த 16 மதிப்பெண் 13 ஆயிற்று. மிச்சமான 15 மதிப்பெண்ணுக்கு, படித்ததைப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லும் ஒரு கேள்வி தனியாக வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கும் கொஸ்டின் பேங்க் வந்துவிட்டது. பழைய ஐந்து வருடக் கேள்விகளைப் புரட்டி, ‘இந்தத் தடவை இது வரும்’ என்று குறித்துக்கொண்டு படிக்கும் பழக்கத்தை எந்த ஒழுங்குமுறையும் இன்னும் அசைக்கவில்லை.

எப்படி அசைப்பது? மெக்கானிக்கல் மாணவர் ஒருவரிடம் ‘ரேங்கின் சுழற்சியைப் படத்துடன் விளக்குக’ என்று கேளுங்கள். படம் அச்சுப்போல வரும். அவரிடமே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘1979 முதல் ஓடும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகளில், கொதிகலனுக்கு மேலே டிரம் இருக்கிறது. உடன்குடிக் கொதிகலனில் அது இல்லை. ஏன்?’ உடன்குடியில் அமைவது சூப்பர்கிரிட்டிகல் வகை. சுமார் 221 பார் அழுத்தத்துக்கு மேல் தண்ணீருக்குக் கொதிப்பது என்ற ஒன்றே கிடையாது. 374 டிகிரியைக் கடந்து சூடாகும்போது, குமிழி எழாமலே அது நீராவியின் தன்மைக்குப் போய்விடுகிறது. நீரையும் ஆவியையும் பிரித்தெடுப்பதற்குத்தான் டிரம். பிரிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. படத்தை மனப்பாடம் செய்தவரால் இதைச் சொல்ல முடியாது; படத்தில் உள்ள அந்தக் குவிமாடக் கோடு எதைக் குறிக்கிறது என்று புரிந்தவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இரண்டு கேள்விக்கும் சிலபஸ் ஒன்றேதான். ஒரு வரி கூட மாற்ற வேண்டியதில்லை.

நம்பிக்கை: “எல்லாம் யுனிவர்சிட்டி கையில். கல்லூரி வாத்தியார் என்ன செய்ய முடியும்?”

நிறையச் செய்ய முடியும். 2021 ஒழுங்குமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு 40 மதிப்பெண் இன்டர்னல். பாடமும் செய்முறையும் சேர்ந்த தாள்களுக்கு 50. தனி லேப் என்றால் 60. முன்பு எழுத்துப் பாடத்துக்கு 20-தான் இருந்தது. இந்த 40-க்கு என்ன கேள்வி கேட்பது, என்ன வேலை கொடுப்பது, எப்படித் திருத்துவது என்பதெல்லாம் பெரும்பாலும் கல்லூரிக்குள்ளேயே முடிவாகிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் சிலபஸும் கேள்வித்தாளும் அவர்களுடையவையே.

கிடைத்த இந்த இடத்தை என்ன செய்கிறோம்? பல இடங்களில் இன்டர்னல் தேர்வு, பல்கலைக்கழகத் தேர்வின் சின்ன ஒத்திகையாகவே நடக்கிறது. அசைன்மென்ட் ஒரு நோட்டிலிருந்து அறுபது நோட்டுக்குப் போகிறது. எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தரும் விஷயம். சுதந்திரம் இல்லை என்று புலம்பிய காலம் போய், இருக்கும் சுதந்திரத்தைத் தொடாமல் வைத்திருக்கிறோம்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பள்ளியின் மேல்வகுப்புகளில் பாடம் நடத்த பி.எட். வேண்டும். பொறியியல் கல்லூரியில் எம்.இ. முடித்தவர் அடுத்த மாதமே அறுபது பேர் முன்னால் நிற்கலாம். எப்படி நடத்துவது, எப்படிக் கேள்வி எடுப்பது என்று அதுவரை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இதற்கென்றே சென்னை தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் 1964 முதல் இருக்கிறது. அங்கே போய்வர இளம் ஆசிரியருக்கு விடுப்பும் பணமும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

நம்பிக்கை: “தெளிவா நடத்துற சார் கிடைச்சா போதும்.”

பெற்றோர், மாணவர், ஆசிரியர் என எல்லோரும் உறுதியாக நம்புவது இதைத்தான். ஆராய்ச்சி முடிவுகள் வேறு சொல்கின்றன. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. ஆசிரியர் பேச மாணவர் கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்புகளில் தோற்றவர்கள் சராசரியாக 34 சதவீதம். மாணவர் கணக்குப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து, நடுநடுவே கேள்விக்குப் பதில் சொல்லும் வகுப்புகளில் 22 சதவீதம்.

இதைவிட ஆச்சரியமானது ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு. தேர்ந்த விரிவுரையாளர்கள் சரளமாக நடத்திய வகுப்பில் இருந்தவர்கள், ‘நிறையக் கற்றுக்கொண்டோம்’ என்று சொன்னார்கள். தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்டவர்கள், ‘அவ்வளவாகக் கற்கவில்லை’ என்றார்கள். தேர்வு வைத்தால் முட்டி மோதியவர்களே கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். பாடம் வழுக்கிக்கொண்டு போகும்போது புரிந்துவிட்டது என்று மனசு நம்பிவிடுகிறது. ஆகவே பிள்ளை வீட்டுக்கு வந்து ‘அந்த சார் நடத்தவே மாட்டேங்கிறார், எங்களையே போடச் சொல்றார்’ என்று குறை சொன்னால், கல்லூரிக்குப் புகார் எழுதுமுன் கொஞ்சம் பொறுங்கள். அவர் சரியான வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

‘அப்படி நடத்தினால் ஐந்து யூனிட்டும் முடியாதே’ என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஆசிரியர் முடித்த யூனிட்டை மாணவரும் முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. விளக்கத்தைப் படித்துவரச் சொல்லிவிட்டு, கடினமான இடத்துக்கு மட்டும் வகுப்பு நேரத்தைக் கொடுப்பதே வழி. 2003-ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்.பி.டெல். பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. விளக்கத்தை அங்கே கேட்டுவரச் சொல்லலாம்.

நம்பிக்கை: “லேப் ரெக்கார்டு முடிச்சாச்சு, பிராக்டிகல் தெரியும்.”

ரெக்கார்டு நோட்டில் பரிசோதனையின் நோக்கம், கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவு எல்லாம் அழகாக இருக்கும். முடிவு இப்படித்தான் வரும் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விடையைத் தேடிப் போகும் வேலையில் பரிசோதிக்க என்ன இருக்கிறது?

விடை தெரியாத வேலைக்கு உடன்குடியில் பஞ்சமே இல்லை. பதநீர் காய்ச்சும் விடிலுக்கு முதலாமாண்டு மாணவர்கள் நான்கு பேரை அனுப்பிப் பாருங்கள். நூறு கிலோ பதநீரில் சுமார் 15 கிலோ கருப்பட்டியாகத் தங்கும் என்று வைத்துக்கொண்டால், 85 கிலோ தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும். 30 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க ஏறக்குறைய 30 மெகாஜூல். ஆவியாக்க 190 மெகாஜூலுக்கு மேல். ஆகமொத்தம் 220. காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் தருமென்றால், வீணே இல்லாத அடுப்புக்கு 15 கிலோ விறகு போதும். உண்மையில் எவ்வளவு எரிகிறது? அதை எடைபோட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைவிடப் பல மடங்கு எரியலாம். அந்த வித்தியாசம் எங்கே போகிறது, அடுப்பின் வாயைக் குறுக்கினால் எவ்வளவு மிஞ்சும், பதம் நெருங்க நெருங்கக் கொதிநிலை ஏன் 100 டிகிரியைத் தாண்டி ஏறுகிறது, சிரட்டையில் ஊற்றும் நேரத்தைக் காய்ச்சுகிற அம்மா எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார் என்று கேள்விமேல் கேள்வி வரும். வெப்பவியல், திரவவியல், அளவீடு, செலவுக் கணக்கு நான்கும் ஒரே அடுப்பில் இருக்கின்றன. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஒரு பொருளைச் செய்கிறவர்களுக்கு விறகுச் செலவு குறைந்தால் அதுவும் ஒரு பலன்.

நம்பிக்கை: “தமிழ் மீடியம் பிள்ளைக்கு இன்ஜினியரிங் சரிப்படாது.”

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கட்டணத்தை அரசே ஏற்கிறது. உள்ளே வந்த பிள்ளை முதல் செமஸ்டரில் அரியர் வைத்தால் உடனே இங்கிலீஷைக் காரணம் காட்டிவிடுகிறோம். கணிதத்தில் எங்கே தடுமாறுகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. தமிழ் வழி இல்லாத கல்லூரிகளிலும் வகுப்பறைப் பேச்சு பாதி தமிழில்தான் நடக்கிறது. தமிழில் விவாதிக்கட்டும், தமிழில் சந்தேகம் கேட்கட்டும். பேசி எட்டிய முடிவை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுக்கட்டும். வாரம் ஒரு பக்கம் என்று எட்டு செமஸ்டர் எழுதினால் வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் வந்துவிடும். அதற்கு அந்தப் பக்கத்தை ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். தட்டுப்பாடு அங்கேதான்.

நம்பிக்கை: “என்.பி.ஏ. வாங்கின காலேஜ், தரமாத்தான் இருக்கும்.”

என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் வழியாக, பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014 ஜூனில் இந்தியா முழு உறுப்பினரானது. பாடத்தை முடித்தாரா என்பதைவிட, முடித்தபின் மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. அருமையான எண்ணம். நடைமுறையில் அது பல துறைகளில் ‘சி.ஓ., பி.ஓ. மேப்பிங்’ என்ற அட்டவணையாகச் சுருங்கி, அங்கீகாரக் குழு வரும் வாரத்தில் ஆசிரியர்கள் இரவு முழுக்க ஃபைல் கட்டும் வேலையாக முடிந்துவிட்டது. அங்கீகாரம் இருப்பது நல்லதே. அதை மட்டும் நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நம்பிக்கை: “இனி எல்லாம் ஏ.ஐ. அடிப்படைப் பாடம் எதுக்கு?”

குலசேகரன்பட்டினத்திலிருந்து கிளம்பப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம் 2022 ஆகஸ்ட் 7-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்து தோல்வியில் முடிந்தது. இரண்டாம் நிலை பிரியும்போது சில கணங்கள் எழுந்த அதிர்வு எதிர்பார்த்ததைவிட அதிகம். முடுக்கமானிகள் தம் வரம்பைத் தொட்டு நின்றன. அவை பழுதாகிவிட்டன என்று மென்பொருள் முடிவு கட்டியது. 356 கிலோமீட்டரில் வட்டப்பாதையில் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்கள், பூமிக்கு 76 கிலோமீட்டர் வரை தாழும் பாதையில் விடப்பட்டன. அதிர்வியல் தெரியாமல் மென்பொருளை மட்டும் எழுதினாலும், மென்பொருள் தெரியாமல் அதிர்வியலை மட்டும் படித்தாலும் இந்தத் தவறைப் பிடிக்க முடியாது. கோளாறைக் கண்டுபிடித்துத் திருத்தி, 2023 பிப்ரவரியில் அதே வகை ராக்கெட்டை வெற்றிகரமாகச் செலுத்தினார்கள். இந்த ஒரு தோல்வியை ஒரு செமஸ்டர் முழுக்க எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து அலசலாம். அதற்கு ஒரு கருவியும் வாங்க வேண்டாம்.

கவுன்சலிங்குக்கு முன் கல்லூரியைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்தையும் பஸ்ஸையும் பிளேஸ்மென்ட் பேனரையும் பார்த்தபிறகு, சென்ற செமஸ்டரின் இன்டர்னல் கேள்வித்தாள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள கேள்விகளுக்கு கொஸ்டின் பேங்கில் விடை இருக்கிறதா என்று அங்கே படிக்கும் ஒரு மாணவரிடமே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்றால், அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.