வீரர் சித்திரக் கதைகளில் வர்ணந் தீட்டுதல்

சித்திரக் கதைப் புத்தகத்தைக் கையிலெடுத்துப் பாராத மாணவர் நம்முள் அரியர். வானிற் பறக்கும் வீரனது சிவந்த மேலாடையும் நீலச் சட்டையும், கதையில் மனஞ் செல்லுமுன்னரே நம் கண்ணைக் கவர்ந்து விடுகின்றன. ஆயினும் அந்நிறங்களை இட்டவர் யாவரென வினவுவோர் மிகச் சிலரே. கோடு வரைந்தவரே வர்ணமுந் தீட்டினாரென்று பலர் எண்ணுவர். அமெரிக்க வீரர் கதைகளில் அவ்விரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு கைகளின் வேலையாகும். இக்காலத்தில் கணினி கொண்டு அவ்வேலை நடைபெறும் முறையையும், அதனால் விளைந்த நன்மை தீமைகளையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

பழைய முறையை அறிந்தாலன்றிப் புதியதன் இயல்பு விளங்காது. 1938-ஆம் ஆண்டில் ஸூப்பர்மேன் தோன்றிய காலந்தொட்டுப் பல்லாண்டுகள் இக்கதைகள் மலிவான செய்தித்தாட் காகிதத்தில் நான்கு மைகளால் அச்சிடப்பட்டன. கோடுகளுக்குக் கறுப்பு, நிறங்களுக்கு ஸயான் என்னும் நீலம், மெஜந்தா என்னுஞ் செந்நிறம், மஞ்சள் ஆகிய மூன்று. நெடுங்காலம் வழங்கிய முறைப்படி, ஒவ்வொரு நிற மைக்கும் இன்மை, கால், அரை, முழுமை என நான்கு நிலைகளே உண்டு. நான்கை மும்முறை பெருக்க 64 ஆதலின், வர்ணக்காரரின் செல்வம் அவ்வளவே. மங்கிய காகிதத்திலுந் தெளிவாய்த் தோன்றுவன முழு மைகளே. வீரர்களின் உடை சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாம்.

இவ்வெல்லை கதையையே மாற்றியதும் உண்டு. 1962-இல் வெளிவந்த 'ஹல்க்' முதல் இதழில் அப்பெருவுருவம் சாம்பல் நிறத்தது. அச்சிலோ அச்சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறுபட்டு, ஓரிடத்தில் வெளிறியும் மற்றோரிடத்திற் கறுத்துங் காணப்பட்டது. எனவே இரண்டாம் இதழில் அவனைப் பச்சையாக்கினர். உலகறிந்த அப்பச்சை நிறம் அச்சுக்கூடத்தின் இடர்ப்பாட்டினாற் பிறந்ததென்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

நிற்க. 1988-ஆம் ஆண்டில் மார்வெல் நிறுவனம் தன் எபிக் வெளியீட்டின் வாயிலாக, கட்ஸுஹிரோ ஓட்டோமோ என்னும் ஜப்பானிய ஓவியரின் 'அகிரா'வை வர்ணத்தில் வெளியிடத் தொடங்கியது. கறுப்பு வெள்ளையாயிருந்த அந்நூலுக்கு ஸ்டீவ் ஆலிஃப் என்பவர் கணினியால் நிறமூட்டினார். 1990-இல் ஃபோட்டோஷாப் வெளிவந்தது. 1992-இல் தொடங்கிய 'ஸ்பான்' முதலிய வீரர் கதைகளால் இம்முறை எங்கும் பரவிற்று. அவ்வாண்டிலேயே ஐஸ்னர் பரிசுகளில் வர்ணக் கலைக்கெனத் தனிப்பரிசு ஏற்பட, ஆலிஃப் அதனைப் பெற்றார்.

இனி, செய்முறையைக் கூறுவோம். மையிட்ட சித்திரத்தை முதலிற் கணினியில் ஏற்றி, கோடுகளைத் தனியொரு படலமாக, அதாவது லேயராக, மேலே நிறுத்துவர். அதன் கீழ் முகம், கை, உடை, சுவர் என ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு தட்டையான நிறத்தால் நிரப்புவர். இதற்குப் பிளாட்டிங் என்று பெயர். இதில் விளிம்புகள் மங்கலின்றி வெட்டினாற்போல் இருத்தல் வேண்டும். அப்பொழுதே பின்னர் ஒரு பகுதியை ஒரே தொடுகையில் முழுவதுந் தேர்ந்தெடுக்க இயலும். நிறத்தின் ஓரம் கறுங்கோட்டின் அடியிற் சிறிது புகுந்திருப்பின், அச்சில் மைகள் சற்று விலகினும் இடையே வெள்ளை தோன்றாது.

அடுத்தது நிழலும் ஒளியும். மல்டிப்ளை என்னும் முறையில் அமைந்த படலம் கீழுள்ள நிறத்தை இருளச் செய்யும். ஸ்கிரீன் என்னும் முறை வெளிறச் செய்யும். விளக்கு எத்திசையில் உள்ளதென்பதை முன்னரே துணியாது நிழலிடுவோன் படத்தைக் கெடுப்பான். தீப்பிழம்பு, மின்னல் போன்றவற்றின் கறுங்கோடுகளையே நிறக்கோடுகளாக மாற்றுதலும் உண்டு. இறுதியாக, திரையின் நிறங்களை நான்கு மைகளின் அளவுகளாக மாற்றுவர். நான்கும் முழுமையாகச் சேரின் 400 சதவீதமாம். அவ்வளவு மையைக் காகிதம் தாங்காது. ஆதலின் பெரும்பாலும் 300 அல்லது அதற்குங் குறைந்த எல்லையை அச்சகத்தார் விதிப்பர்.

கணினித் திரை காட்டவல்ல நிறங்கள் 1,67,77,216 என்பர். அறுபத்துநான்குக்கும் இதற்கும் உள்ள தூரம் எத்துணை! ஆயினும் செல்வம் பெருகிய அளவுக்கு விவேகம் உடனே பெருகவில்லை. 1990-களின் ஏடுகள் பலவற்றில் ஒவ்வொரு தசையும் உலோகம்போல் மின்ன, ஒவ்வொரு மூலையும் ஒளிவிட, முதன்மையாகக் காணவேண்டியது யாதென அறியாது கண் தடுமாறுகிறது. எல்லாம் உரத்துப் பேசுமிடத்தில் ஒன்றுங் கேளாதன்றோ? ஆகவே பயில்வோர் மூன்று சோதனைகளைக் கைக்கொள்க. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்து, வீரன் பின்புலத்தினின்று பிரிந்து தோன்றுகிறானா என்று காண்க. ஒரு காட்சிக்குச் சில நிறங்களையே தேர்ந்து, இடமோ பொழுதோ மாறும்போது அவற்றை மாற்றுக. மிகச் செறிந்த நிறத்தைக் கதைக்கு இன்றியமையாத ஓரிடத்திற்கே வைத்துக்கொள்க.

இவ்வுண்மைக்குச் சான்றாக ஒன்று கூறுவோம். ஆலன் மூர் எழுதி பிரையன் பாலண்ட் வரைந்த 'தி கில்லிங் ஜோக்' என்னும் பேட்மேன் கதை 1988-இல் ஜான் ஹிக்கின்ஸின் வர்ணத்தில் வெளிவந்தது. மஞ்சளும் ஊதாவும் செம்மஞ்சளும் எரிக்கும் அப்பக்கங்கள் பித்தனது திருவிழாவைப் போன்றன. 2008-இல் பாலண்ட் தாமே கணினியில் மறுவர்ணமிட்டார். நிறங்கள் அடங்கின, பழைய நினைவுக் காட்சிகள் ஏறக்குறைய நிறமற்றவையாயின, அவற்றில் ஏதேனுமொரு பொருள் மட்டுஞ் சிவந்து நின்றது. கதை ஒன்றே, கோடுகளும் பெரும்பாலும் அவையே. எனினும் முன்னது வெறியையும் பின்னது துயரத்தையும் உரைக்கின்றன. எது சிறந்ததென வாசகர் மாறுபடுவர். இரண்டையும் ஒருங்கே வைத்துக் கற்றலே நலமென்பது எம் கருத்து. முன்னதை மறையவிடுதல் ஹிக்கின்ஸின் உழைப்பை மறைத்தலாகும்.

வர்ணக்காரர் கோடுகளுக்கிடையே வெற்றிடம் நிரப்பும் பணியாளரல்லர். அவருங் கதை சொல்பவரே. நெடுங்காலம் அவர் பெயர் ஏட்டில் அச்சேறாதிருந்தது. இன்று அச்சேறியுள்ளது. அடுத்த முறை அத்தகைய ஏடொன்று கிடைக்கும்போது, நண்பர்களே, முதற் பக்கத்தில் அப்பெயரையுந் தேடிப் படித்து, பின்னர் நிறங்களை நோக்குவீர்களாக.