பொருளில்லாச் சீட்டு



மட்டாஞ்சேரி யூதத் தெருவின் மிளகு வாணிபம் நாம் அறிந்ததே. கிடங்குக்காரர், "இத்தனை மூட்டை எம்மிடம் உள்ளது" என்று சீட்டெழுதினால், அதன் பின்னே மூட்டை இருத்தல் வேண்டும். இல்லையேல் அது வெறுந்தாள். இதனை மனத்திற்கொண்டு, 2024இல் வெளிவந்த 'லக்கி பாஸ்கர்' என்னும் படத்தை ஆராய்வோம்.

வெங்கி அட்லூரி தெலுங்கில் இயக்கிய இப்படம் தமிழிலும் மலையாளத்திலும் வெளியாயிற்று. துல்கர் சல்மான் பம்பாய் வங்கியொன்றின் காசாளர் பாஸ்கராக நடித்துள்ளார். கடனும் அவமானமும் அவனை வருத்துகின்றன. பதவி உயர்வும் கைநழுவுகிறது. "திருப்பி வைத்துவிடலாம்" என்று வங்கிப் பணத்தைத் தொடுகிறான், திருப்பியும் வைக்கிறான். கேடு அங்கேதான் தொடங்குகிறது. தேவைக்கு எடுத்த கை, பின்னர் ஆசைக்கு எடுக்கிறது.

அவனை இகழ்வது எளிது. நாம் பஞ்சாலையில் உழைத்த நாளில் தோழர்களின் சீட்டுப் பணம் நம்மிடம் இருந்தது. வீட்டில் நோய் வந்த ஓரிரவு, அதில் ஐந்நூறு ரூபாய் எடுத்துச் சம்பளத்தன்று வைத்துவிடலாமென எண்ணினோம். பெட்டியைத் திறந்தும் விட்டோம். பின் அஞ்சி மூடி, மறுநாளே சாவியை வேறொரு தோழரிடம் ஒப்படைத்தோம்.

படத்தின் பின்னணி 1992இல் வெளிப்பட்ட ஹர்ஷத் மேத்தா ஊழலாகும். வங்கிகள் அரசுக் கடன் பத்திரத்தை விற்கையில், பத்திரத்திற்குப் பதிலாக அந்நாளில் ஒரு ரசீது கொடுத்து வந்தன. பத்திரமே இல்லாமல் எழுதப்பட்ட ரசீதுகளைக் காட்டிப் பிற வங்கிகளின் பணம் பெறப்பட்டது. அது பங்குச் சந்தையில் கொட்டப்பட்டது. பங்கு விலை விண்ணேறிற்று; உண்மை வெளிப்பட்டதும் வீழ்ந்தது. ரிசர்வ் வங்கியின் ஜானகிராமன் குழு கண்ட பற்றாக்குறை ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய். பொய் ரசீது எழுதிய கராட் வங்கி அவ்வாண்டே வீழ்ந்தது. மேத்தா 2001இல் காவலிலிருக்கையில் இறந்தார்.

பாஸ்கரோ தப்பிச் செல்வத்துடன் வெளிநாடு சேர்கிறான். அரங்கம் கைதட்டுகிறது. அப்பணம் எவருடையது என்று நாம் கேட்பதில்லை. வங்கியிலிருப்பது சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் உழைப்பன்றோ?

பஞ்சசீலத்தின் இரண்டாவது சீலம், கொடுக்கப்படாததை எடாதிருத்தல். "திருப்பி வைப்பேன்" என்னும் நல்லெண்ணம், உடையவர் கொடுத்ததாகாது. அவ்வெண்ணமும் மூட்டையில்லாச் சீட்டே.

ஆதலின் சங்க உண்டியலாயினும் சீட்டுப் பணமாயினும், பிறர் பொருளைத் தனியே வையாமல், இருவர் கண்முன் எண்ணி வைப்போமாக. நம் மனத்தை நாமே முழுதும் நம்பாதிருத்தல் இழிவன்று, அதுவே காவல்.